தங்கைக்காகத் தேடிய ஆப்

பல்லக்கா என்ற பெயரை அவளுக்கு வைத்தவர்கள் அவள் வேலை பார்த்த லேபில் இருந்தவர்கள். பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சுகளைப் பார்த்து கேப், பல்செட், கட்டுப்பல் எல்லாம் செய்து கொடுக்கிற இடம் அது. அதில் மெழுகு வேலை அவளுடையது. ஒரு பல்லை மெழுகில் செதுக்கி, மேல் தாடையையும் கீழ்த் தாடையையும் பொருத்திக் கடிக்க வைத்து, எங்கே இடிக்கிறது, எங்கே இடைவெளி விழுகிறது என்று சுரண்டிச் சுரண்டிச் சரிசெய்வாள். யாரைப் பார்த்தாலும் முதலில் வாயைத்தான் பார்ப்பாள். பேருந்து ஓட்டும் அவள் கணவர், "முதல் தடவ சந்திச்சப்ப இவ என் மூஞ்சியவே பாக்கல. மாடு வாங்க வந்தவ மாதிரி பல்லத்தான் பாத்தா" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

அவளுக்கு ஒரே தங்கை. அம்மா அப்பா போன பிறகு தங்கையைப் படிக்க வைத்ததும், மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்த்துவிட்டதும், கல்யாணம் பேசி முடித்ததும் பல்லக்காதான். மாப்பிள்ளை ஒரு வக்கீல் அலுவலகத்தில் நிர்வாகம் பார்க்கிறவர். குரலை உயர்த்திப் பேசமாட்டார். குடி இல்லை, சிகரெட் இல்லை. வீட்டுக்கு வந்தால் செருப்பைக்கூட ஜோடி சேர்த்து விட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார். "உன் தங்கச்சி கொடுத்து வச்சவ" என்று லேபில் எல்லோரும் சொன்னார்கள். பல்லக்காவும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

முதலில் தங்கை வேலையை விட்டாள். குழந்தை பிறந்திருக்கிறது, சரி. பிறகு தோழிகளின் பேச்சு நின்றது. பிறகு போனில் பேசும்போதெல்லாம் ஸ்பீக்கரில் போட்டுப் பேசுகிற சத்தம் கேட்டது. கேட்டால், "கை வேலையா இருக்கேன்க்கா" என்பாள். ஒருநாள் மெசேஜில், மளிகைக் கடையில் வரிசை நீளமாக இருந்ததால் தாமதமாக வந்ததற்கு, அவர் அந்தக் கடைக்கே போன் செய்து கூட்டமா என்று விசாரித்தார் என்று எழுதினாள். எழுதி, அக்கா படித்ததும் அழித்தும்விட்டாள். பல்லக்காவுக்குச் சுருக்கென்றது. "இப்படிச் சந்தேகத்தையே சோறா திங்கிற மனுஷனோட எப்படிடி காலம் தள்ளுற?" என்று பதில் எழுதினாள். தங்கை அதையும் அழித்தாள்.

அடுத்த விடுமுறை நாளில் தங்கை குடும்பத்தோடு வந்திருந்தாள். மாப்பிள்ளை டீயை வாங்கிக்கொண்டு, நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, சிரித்தபடியே கேட்டார்.

"ஏன் அண்ணி, சந்தேகத்தையே சோறா திங்கிறவனுக்கு டீ எல்லாம் குடுக்கலாமா?"

பல்லக்கா கையில் இருந்த தட்டை மேசையில் வைத்தாள். தங்கை தலையைத் தூக்கவில்லை. எதுவும் புரியாமல், "யாரு சோறு திங்கிறது?" என்று கேட்டார் பேருந்துக்காரர்.

மறுநாள் லேபில் இதைப் பெயர் சொல்லாமல், யாருக்கோ நடந்தது போல, ஒயர்காரரிடம் கேட்டாள். லேபின் கம்ப்யூட்டர்களையும் பல்லை ஸ்கேன் செய்யும் எந்திரங்களையும் பார்த்துக்கொள்கிறவர் அவர். சட்டைப்பையில் பேனா இருக்கிற இடத்தில் எப்போதும் ஒயர் சுருண்டிருக்கும். அதனால் அந்தப் பெயர். அறுபதை நெருங்குகிறவர், பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாதவர்.

"அது ஒண்ணும் மாயம் இல்லம்மா. அந்த போன எடுத்து ஒரு தடவ அவரு கம்ப்யூட்டரோட ஜோடி சேத்து விட்டிருப்பாரு. இங்க வர்றதெல்லாம் அங்கயும் வரும். இவங்க அழிக்கிறதுக்குள்ள அவரு படிச்சு முடிச்சிருப்பாரு."

"அப்போ அத பிரிச்சு விட்டுட்டா?"

"பிரிச்சா அவருக்குத் தெரியும். ஏன் பிரிச்சன்னு கேப்பாரு." ஒயர்காரர் அவள் முகத்தைப் பார்த்தார். "உங்க தங்கச்சியா?"

பல்லக்கா குனிந்து மெழுகைச் சூடாக்கினாள். அதுவே பதிலாகிவிட்டது.

அதிலிருந்து சாப்பாட்டு இடைவேளைகளில் ஒயர்காரர் அவளுக்குப் பாடம் எடுக்கத் தொடங்கினார். காசுக்காக நம் பேச்சை மோப்பம் பிடிக்காத ஆப்புகள் இருக்கின்றன, அதிலும் ஓப்பன் சோர்ஸ் என்று ஒரு வகை இருக்கிறது என்றார். அதைச் சொல்லும்போது அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிடும்.

"உள்ள என்ன எழுதியிருக்கோ அத மொத்தமா வெளிய போட்டுடுவாங்க. விஷயம் தெரிஞ்சவங்க யாரு வேணாலும் பிரிச்சுப் பாக்கலாம். திருட்டு வேல இருந்தா எவனாவது ஒருத்தன் கண்ணுல மாட்டிடும்."

"நீங்க பிரிச்சுப் பாத்தீங்களா?"

"நான் பாக்கல. பாக்குறவங்க இருக்காங்க."

"யாரு?"

"இருக்காங்கம்மா."

"எல்லாரும் அடுத்தவன் பாத்திருப்பான்னு கைய கட்டிக்கிட்டு இருந்துட்டா?"

ஒயர்காரர் தலையைச் சொறிந்தார். "நல்ல கேள்விதான். அதனாலதான் ரொம்ப பேர் பாத்த ஆப்பா பாத்து எடுக்கணும்ங்கிறேன்."

இரண்டு ஆப்புகளில் வந்து நின்றது பேச்சு. ஒன்று, போன் நம்பரைக் கேட்கும். போட்டதும் வேலை செய்யும். உலகம் முழுக்க நிறையப் பேர் அலசி ஆராய்ந்தது. இன்னொன்று, நம்பரே கேட்காது. பேர் கேட்காது, ஊர் கேட்காது. ஆனால் நீளமான ஒரு குறியீட்டை ஒருவருக்கொருவர் கொடுத்து இணைத்துக்கொள்ள வேண்டும். பழகுவது கொஞ்சம் சிரமம். சில நேரம் மெசேஜ் ஆடி அசைந்துதான் வந்து சேரும்.

பல்லக்கா இரண்டையும் தன் போனில் போட்டு, கணவரோடு பரிசோதித்துப் பார்த்தாள். "நாம பேசுறத எவன் ஒட்டுக் கேக்கப் போறான்? கேட்டா அவனுக்குத்தான் தூக்கம் வரும்" என்று சலித்துக்கொண்டாலும், டிப்போவில் வண்டி நிற்கும்போதெல்லாம் அவர் ஏதாவது அனுப்பிக்கொண்டிருந்தார். முதல் ஆப்பில் உடனே வந்தது. இரண்டாவதில் "சாப்பிட்டியா" என்று கேட்டது அவர் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு வந்தது. தங்கைக்கு நிதானமாக உட்கார்ந்து பழக நேரம் ஏது? முதலாவதே போதும் என்று பல்லக்கா முடிவு செய்தாள். ஒயர்காரரும், "தாராளமா" என்றார்.

தங்கையிடம் இதை எழுதவும் முடியாது, பேசவும் முடியாது. அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு, தங்கை மகளைப் பள்ளியில் விடும் நேரத்துக்கு வாசலில் போய் நின்றாள். குழந்தை உள்ளே போனதும் தங்கையை மதில் ஓரமாக இழுத்துப் போனாள்.

"போனக் குடு."

"எதுக்குக்கா?"

"குடுடி. எல்லாம் விசாரிச்சுட்டேன். இனிமே நீ என்கிட்ட என்ன எழுதினாலும் ஈ காக்காவுக்குத் தெரியாது."

தங்கை ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நேரம் இல்லை என்று பல்லக்கா கேட்கவில்லை. தானே ஆப்பைப் போட்டு, தானே நம்பரைக் கொடுத்து, வந்த எண்ணைத் தட்டி, திரையின் கடைசிப் பக்கத்தில் தள்ளி வைத்துக் கொடுத்தாள். தங்கை போனை வாங்கி, சுடுகிற பாத்திரத்தைப் பிடிப்பது போல இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு போனாள்.

லேபுக்கு வந்து, "வீட்டுக்குப் போயிட்டியா?" என்று அனுப்பினாள். "ம்" என்று வந்தது. பல்லக்காவுக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது போல இருந்தது. அன்று இரண்டு முன்பற்களைச் செய்தாள். அவ்வளவு அழகாக அமைந்துவிட்டது என்று தானே தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டாள்.

மாலைக்கு மேல் அனுப்பிய எதற்கும் பதில் இல்லை. மறுநாள் மெசேஜே போய்ச் சேரவில்லை. போன் செய்தால் அணைத்து வைக்கப்பட்டிருப்பதாகச் சொன்னது. அதற்கடுத்த நாளும் அதேதான். பல்லக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மேல் தாடைக்குக் கீழ்த் தாடையின் பல்லைச் செய்து வைத்துவிட்டு, மேலாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். அன்றே கிளம்பித் தங்கை வீட்டுக்குப் போனாள்.

கதவைத் திறந்தது மாப்பிள்ளை. "வாங்க அண்ணி, வாங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். தங்கை சமையலறை வாசலில் நின்றாள். கண் வீங்கியிருந்தது, அழுததால்.

"போன் ரிப்பேருக்குக் குடுத்திருக்கேன்" என்றார், அவள் கேட்பதற்கு முன்பே. பிறகு தன் போனை எடுத்து, எதையோ தேடி, அவள் பக்கம் நீட்டினார். தங்கை பெயரைப் போட்டு, அவர் இந்த ஆப்பில் புதிதாக இணைந்திருக்கிறார், வணக்கம் சொல்லுங்கள் என்று இருந்தது.

"கேஸ் குடுக்கிற கட்சிக்காரங்க ரகசியம் பாருங்க, அதனால எங்க ஆபீஸ்ல எல்லாரும் இதுலதான் இருக்கோம். மீட்டிங்ல இருந்தேன். டிங்குன்னு சத்தம். பாத்தா என் பொண்டாட்டி! நல்லதுதானே, வணக்கம் சொன்னேன். பதிலே இல்ல." குரல் ஏறவே இல்லை. "மறைக்க ஒண்ணும் இல்லாதவங்களுக்கு ரகசியப் பெட்டி எதுக்கு அண்ணி?"

"நான்தான் தம்பி போட்டேன். அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

"அது எனக்குத் தெரியும். அவளுக்கு அவ்வளவு சாமர்த்தியம் கிடையாது" என்றார் மாப்பிள்ளை. "அக்கா தங்கச்சி பேசிக்குங்க, வேணாங்கல. இங்க வந்து, என் முன்னாடி பேசுங்க."

பல்லக்கா எப்படி வெளியே வந்தாள், எந்த வண்டி ஏறினாள் என்று அவளுக்கே நினைவில்லை. ஒயர்காரரிடம் போய்க் கொட்டித் தீர்த்தாள். அவருக்கு முகம் செத்துப்போனது.

"அப்படி ஒரு அறிவிப்பு வரும்னு எனக்குத் தெரியும்மா. நம்பர் சேமிச்சு வச்சிருக்கிறவங்களுக்குப் போகும். எனக்கு வரும்போதெல்லாம், அட, இன்னொருத்தரும் வந்துட்டாருன்னு சந்தோஷப்படுவேன். இது இப்படி ஒரு வீட்டுல…" அவள் திட்ட வேண்டும் என்றுதான் வந்திருந்தாள். திட்ட முடியவில்லை. அவர் விவரத்தைச் சொல்லாமல் விட்டார். தான் தங்கையை வாயே திறக்க விடவில்லையே.

வழி ஒன்று பல்லாலேயே வந்தது. தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடித்துக் கடித்து, தங்கையின் முன்பல் ஒன்று விரிசல் விட்டு உடைந்தது. பேசும்போது தெரிகிற பல். நாலு பேர் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்ற கவலை மாப்பிள்ளைக்கு வந்துவிட்டது. சகலையான பேருந்துக்காரர் வழியாகப் பேச்சு வந்தபோது, பல்லக்கா தங்கள் லேபோடு தொடர்புள்ள ஒரு டாக்டரம்மாவின் கிளினிக்கைச் சொல்லி அனுப்பினாள். கேப் போடுவதென்றால் பல தடவை வர வேண்டும். முன்பல் என்றால் நிறம் பார்க்க லேப் ஆள் நேரில் போவதும் வழக்கம்தான்.

மாப்பிள்ளை வெளியே பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். பல்லக்கா நிறம் ஒப்பிடும் மாதிரிப் பற்களை எடுத்துக்கொண்டு சிகிச்சை அறைக்குள் போனாள். விஷயம் தெரிந்த டாக்டரம்மா கை கழுவப் போனவர் நெடுநேரம் கழுவிக்கொண்டே இருந்தார். பல்லக்கா ஒவ்வொரு பல்லாகத் தங்கையின் உதட்டருகே வைத்துப் பார்த்தபடி, "என்னை மன்னிச்சுடுடி" என்றாள்.

"அத விடுக்கா. அன்னைக்கு நான் சொல்ல வந்தது இதுதான். என் போன்ல என்னென்ன ஆப் படம் இருக்குன்னு அவருக்கு மனப்பாடம். புதுசா ஒண்ணு முளைச்சா உடனே தெரியும். என் போனுக்குள்ள எதையும் ஒளிக்க முடியாது." தங்கை கூரையைப் பார்த்துப் படுத்தபடியே பேசினாள். குரலில் அழுகை இல்லை. பல்லக்காவுக்கு அது புதிதாக இருந்தது. "வீட்டுக்குள்ள இல்லாத ஒரு போன் வேணும். கீழ லாண்டரி வச்சிருக்காங்களே, அந்தக்கா வச்சுக்கறேன்னாங்க. அவங்க கடையில நெட் இருக்கு. துணி குடுக்கப் போறப்ப பாத்துக்குவேன்."

"என் பழைய போன் இருக்கு. சிம் கிடையாது."

"சிம்மே வேணாம். நம்பர் கேக்காத ஆப் ஏதாவது இருக்கா?"

"இருக்கு. ஆனா மெதுவாத்தான் வரும். பழகறது கஷ்டம்."

"மெதுவா வரட்டும். ஒண்ணே ஒண்ணு மட்டும் கேட்டுச் சொல்லு. நான் வந்திருக்கேன்னு அது யார்கிட்டயாவது சொல்லுமா?"

அந்தக் கேள்வியைப் பல்லக்கா அப்படியே ஒயர்காரரிடம் கொண்டுபோனாள். இந்த முறை அவர் வாயால் பதில் சொல்லவில்லை. தன் போன், மனைவி போன், லேபின் பழைய போன் எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, அந்த இரண்டாவது ஆப்பைப் போட்டுப் போட்டு அழித்துப் பார்த்தார். யாருக்கும் எதுவும் போகவில்லை. அதன் பிறகுதான், "சொல்லாதும்மா" என்றார். பல்லக்கா ஆப்பைப் போட்டு, தன்னோடு இணைத்துக் கொண்டுபோய்க் கொடுத்த போனை லாண்டரிக்காரம்மா ஒரு பழைய போர்வைக்குள் சுருட்டி மேல் தட்டில் வைத்தார்.

மெசேஜுகள் சின்னச் சின்னதாக வந்தன. சில வாரங்கள் ஒன்றுமே வராது. பல்லக்கா உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருப்பாள். பழைய மருந்துக் கடை முதலாளியிடம் வேலை இருக்கிறதா என்று கேள் என்று ஒரு நாள். குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் நகல் எடுத்துவிட்டேன் என்று ஒரு நாள். பெண்களுக்கு உதவும் அமைப்பு ஒன்றின் வக்கீலம்மாவைத் தங்கையே குறியீடு கொடுத்து அதே ஆப்பில் சேர்த்தாள். பல்லக்காவுக்குப் பிறகுதான் தெரிந்தது. எடுத்ததற்கெல்லாம் அக்கா முகத்தைப் பார்க்கிறவள், இத்தனையையும் துணி மடிக்கிற சாக்கில் நின்றபடியே செய்திருந்தாள்.

ஒரு நாள் காலை, "இன்னைக்கு வர்றோம்" என்று வந்தது. மதியத்துக்குள் தங்கையும் குழந்தையும் பல்லக்கா வீட்டு வாசலில் நின்றார்கள். கையில் பள்ளிப் பை ஒன்று மட்டும்.

கதை இங்கே சுபமாக முடிந்திருக்கலாம். முடியவில்லை. மாப்பிள்ளை வந்தார், குரலை உயர்த்தாமல் பேசினார், போனார். பிறகு வக்கீல் அலுவலகத்துக் காகிதங்கள் வந்தன. வார இறுதியில் குழந்தை அப்பாவிடம் போக வேண்டும் என்று ஆனது. தங்கை மருந்துக் கடைக்குப் போய்வந்தாள். வீட்டில் அதிகம் பேசவில்லை. அவள் புதிதாக வாங்கிய போன் அவ்வப்போது ஒலித்தது. எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுவாள். யாராக இருக்கும்? மறுபடியும் அவனோடு பேசுகிறாளோ? மனசு மாறித் திரும்பிப் போய்விடுவாளோ? பல்லக்கா மாடிப்படியையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை குளிக்கப் போயிருந்தபோது போன் ஒலித்தது. பல்லக்கா எடுத்தாள். நல்லதுக்குத்தான் என்று சொல்லிக்கொண்டே எடுத்தாள். பாஸ்வேர்டு குழந்தையின் பிறந்தநாளாக இருக்கும் என்று தட்டினாள். திறந்துகொண்டது. வக்கீலம்மா ஏதோ தேதி பற்றி எழுதியிருந்தார். அதன் மேலே, தங்கை அவருக்கு எழுதியது இருந்தது: "அக்காகிட்ட இத சொல்ல வேண்டாம். பயந்துடுவா."

நிமிர்ந்தபோது தங்கை தலையில் துண்டோடு நின்றிருந்தாள்.

"யாருன்னு பாத்தேன். அவசரமா இருந்தா…" என்றாள் பல்லக்கா.

"அவரும் இப்படித்தான்க்கா சொல்லுவாரு" என்றாள் தங்கை. போனை வாங்கிக்கொண்டாள்.

பேருந்துக்காரர் இரண்டு பேரையும் சமாதானம் செய்யப் பார்த்தார். சமாதானம் செய்ய அங்கே சண்டையே இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. தங்கை அந்த மாதமே மருந்துக் கடைக்குப் பக்கத்தில் ஓர் அறை பார்த்துக்கொண்டு போனாள். கோபித்துக்கொண்டு போகவில்லை. பாத்திரங்களைக் கேட்டு வாங்கிக்கொண்டாள், போகும்போது அக்காவைக் கட்டிக்கொண்டாள். ஆப்பில் மட்டும் ஒன்றை மாற்றியிருந்தாள். அவள் அனுப்புவதெல்லாம் ஒரு நாளில் தானாக மறைந்துவிடும்.

"என்கிட்டயுமாடி?" என்று பல்லக்கா கேட்டாள்.

"எல்லார்கிட்டயும்தான். அப்படி இருந்தாத்தான் எனக்குத் தூக்கம் வருது."

பல்லக்காவுக்கு அது இன்றுவரை முழுதாக ஜீரணமாகவில்லை. தூக்கி வளர்த்தவளுக்கும் வெளியாளுக்கும் ஒரே சட்டமா என்று கணவரிடம் புலம்பினாள். ஒயர்காரரிடம் கேட்டாள். "அது அவங்க வச்சிருக்கிற கணக்கும்மா. நாம மாத்த முடியாது" என்று மட்டும் சொன்னார் அவர். வழக்கமாக இதைப் பற்றி அரை மணி நேரம் பேசக்கூடியவர்.

சில வாரங்கள் கழித்து லேபுக்கே போன் வந்தது. மாப்பிள்ளைதான். நலம் விசாரித்தார். பிறகு கேட்டார்.

"சனிக்கிழமை கடை விட்டதும் அவ எங்க போறா அண்ணி? யாரப் பாக்கப் போறா? உங்களுக்குத் தெரியாம இருக்காது."

"எனக்குத் தெரியாது தம்பி."

"உங்ககிட்டகூடச் சொல்லலியா?" குரலில் இரக்கம் இருந்தது. அது குத்துவதற்காகவே வைத்த இரக்கம், குத்தவும் செய்தது.

"சொல்லல" என்றாள் பல்லக்கா. பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. அவளுக்கு உண்மையிலேயே தெரியாது. மாப்பிள்ளை, "சரி அண்ணி, உடம்பப் பாத்துக்குங்க" என்றார். பிறகு வைத்துவிட்டார்.

அவள் இருக்கைக்குத் திரும்பினாள். மெழுகுக் கத்தியைச் சுடரில் காட்டினாள். எதிரே யாரோ முகம் தெரியாத ஒருவரின் தாடை, நடுவில் ஒரு பல்லுக்கு இடம் விட்டுக் காத்திருந்தது. அந்த இடத்தைத் தொடாமல் கத்தியைக் கீழே வைத்தாள்.